வேட்டைப் பதம் குடிவந்த வீடு

மிளாப்பாறையில் இரண்டு ஆண்கள் பேசாமல் இருந்தால் அது நிலத்துக்காகவும் இருக்காது, பெண்ணுக்காகவும் இருக்காது, பதத்துக்காகத்தான் இருக்கும் என்று கீழூர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் பொய் ஒன்றும் இல்லை. பதம் என்றால் மான் வேட்டைக்கு வாய்க்கிற பதம். மேற்கே கணவாய் வழியாக வரும் சாரல் தூறி ஓய்ந்து, காட்டுச் சருகெல்லாம் நனைந்து, மிதித்தாலும் வாய் திறக்காமல் கிடக்க வேண்டும். காற்று நம் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடித்தால் நம் வேர்வை வாடை நமக்கு முன்னால் ஓடிப்போய் மானிடம் கோள் சொல்லிவிடும். வெயில் மேகத்துக்குள் இருக்க வேண்டும், ஆனால் இருட்டிவிடக் கூடாது. மழைக்கு ஒதுங்கி நின்று பசித்த மான் மேய வெளியே வந்திருக்க வேண்டும். இத்தனையும் ஒரே நேரத்தில் கூடுவது லேசில் நடக்காது. காட்டுக்குச் சட்டமும் காவலும் வராத அந்தக் காலத்தில், சாரல் மாதங்களில் எங்கள் ஆண்கள் வாசலில் நின்று முகத்தை மேற்கே காட்டிக்கொண்டு, பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பிக்குக் காத்திருப்பவர்களைப் போல அடக்கமாகக் காத்திருப்பார்கள்.

அவர்களில் முதல் ஆள் சொரிமுத்து. குறி என்றால் அவர் குறி. பதம் வருவதை மூக்கு நுனியால் அறிந்து, கஞ்சிக் கும்பாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். அவர் மனைவி பொன்னுத்தாய் எங்கே போகிறீர்கள் என்று கேட்க மாட்டாள், வேட்டைக்குக் கிளம்புகிறவனை எங்கே என்று கேட்கக் கூடாது. எத்தனையோ சாரலில் எத்தனையோ மான் அடித்திருந்தும் பதம் தனக்குக் கட்டுப்பட்டதில்லை என்ற குறை அவருக்கு உண்டு. வரும், கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். விருந்தாளியைப் போல அல்லாமல் வீட்டு ஆளைப் போல அது ஒரு நாளாவது தன்னோடு தங்காதா என்று, வயது நாற்பது தாண்டிய பிறகும் அவர் ஏங்கிக்கொண்டிருந்தார்.

பொன்னுத்தாயின் தங்கை உலகம்மாளைக் கட்டியவன் தளவாய். ஆகையால் அவன் சொரிமுத்துவுக்குச் சகலை. வாழைத் தோட்டத்தில் மண் அணைக்கிற வேலை. வேட்டையில் அவனுக்குக் கொடுத்திருந்தது தகரம் தட்டுகிற வேலை. அதாவது, மற்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும்போது காட்டின் அந்தக் கோடியில் நின்று சத்தம் போட்டு மானைக் கலைத்து இந்தப் பக்கம் விரட்டுவது. சத்தம் போடுவதற்கென்றே பிறந்த ஆள். நடந்தால் கல் உருளும், உட்கார்ந்தால் இருமுவான், தும்மினால் தோப்பில் காக்கை எழும்பும். பதத்துக்கும் அவனுக்கும் ஜென்மப் பகை என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

அந்த ஆடி மாதம் பதம் அவன்மேல் வந்து நின்றது. சொரிமுத்து தன் பழைய துப்பாக்கியைத் தூக்கி வரச் சொல்லி அவனிடம் கொடுத்திருந்தார். அவன் வழியில் காலில் முள் ஏறி, துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு பாறையில் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி ஒரு தாழ்வாரம் அளவுக்கு மட்டும் சருகு நனைந்தது, காற்று திரும்பி அவன் முகத்துக்கு வந்தது, வெளிச்சம் மங்கி நிழல் இல்லாமல் போனது. அவன் முள்ளோடு நிமிர்ந்து பார்த்தால், கிளைக்கொம்பு வைத்த கடமான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் நின்று புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. தளவாய் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தான், மான் விழுந்தது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது எங்கள் தலைமேல் வெயில் சுள்ளென்று அடித்தது, அவன் தலைமேல் அடிக்கவில்லை.

எங்கள் ஊரில் நாட்டாண்மை கிடையாது, பங்குக்காரர்தான். கறியை நேர்மையாகக் கூறு போட்டுத் தன் கூறைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறவன் எவனோ, அவன் சொல்லுக்குத்தான் ஊர் கட்டுப்படும். அப்போது ஆதிமூலம் பங்குக்காரர். கொன்றவனுக்குத் தலையும் வலது தொடையும். தோலை உரிக்கும் முன்னால் கண்ணால் கண்டவன் வழிப்போக்கனே ஆனாலும் அவனுக்கு ஒரு கூறு, அதற்குக் கண்ட பங்கு என்று பெயர். எந்த முற்றத்தில் ஒருவன் பங்கு இறங்குகிறதோ, அன்று முதல் அவன் அந்த வீட்டு ஆள். ஆதிமூலம் தலையைத் தளவாய் பக்கம் நகர்த்தியபோது சொரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"யாரு கொன்னா? இவனா? கண்ண மூடிக்கிட்டுச் சுட்டிருக்கான். என் துப்பாக்கி, என் மருந்து. கொன்னது பதம். தலையும் தொடையும் அதுக்குத்தான் சேரணும்" என்றார்.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் யோசித்தார்கள், ஏனென்றால் பதம் இன்னமும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

"சொல்லுததுல ஞாயம் இருக்கு" என்றார் ஆதிமூலம் கத்தியைத் துடைத்துக்கொண்டே. "சும்மா கண்டவனுக்கே பங்கு உண்டுன்னா, கொன்னதுக்கு இல்லன்னு எப்படிச் சொல்ல? ஆனா அதுக்கு வீடு வாசல் எங்க இருக்கு?"

"இவன் மேலதான வந்து நிக்கி" என்று யாரோ சொன்னார்கள். "இவன் வீட்டு முருங்கையில தொங்க விடுங்க."

தளவாய் கைக்குத் தொடை போகக் கூடாது என்பதில் சொரிமுத்துவுக்கு இருந்த குறி, பதம் எங்கே போகும் என்பதில் இல்லாமல் போய்விட்டது. தலையையும் தொடையையும் தளவாய் வீட்டு முற்றத்து முருங்கையில் தொங்க விட்டோம். காலையில் பார்த்தால் தொடையின் மேல் பச்சைப் பட்டுப்போலப் பாசி படர்ந்திருந்தது. ஏற்றுக்கொண்டது என்றார் ஆதிமூலம். அன்றிலிருந்து பதம் அந்த வீட்டு ஆளாயிற்று.

ஒரு வீட்டில் புதிதாக ஓர் ஆள் வந்து சேர்ந்தால் தெரு அதற்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொள்வதில்லையா, நாங்களும் திருத்திக்கொண்டோம். தளவாய் வீட்டுப் பக்கம் யாரும் வடகம் பிழிந்து காயவைக்கவில்லை, கருவாட்டுக்காரி அந்த வாசலைத் தாண்டும்போது கூடையை மறுபக்கத் தோளுக்கு ஒதுக்கிக்கொண்டு போனாள், கோயில் கொடை விழாவில் தீச்சட்டி வரும்போது அவனைக் கடைசி வரிசையில் போய் நிற்கச் சொன்னோம், அவனும் கோபித்துக்கொள்ளாமல் போய் நின்றான். மிளகாய் நாற்று நட்டவர்கள் அவனைக் கூப்பிட்டு, கொஞ்சம் இப்படி வந்து வரப்பில் நின்றுவிட்டுப் போ என்பார்கள், கூலியாக இரண்டு கத்தரிக்காய் கொடுப்பார்கள். வெயில் தாங்காத சீக்காளிகளை அவன் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். மான்கள் அவன் வீட்டு ஆட்டுரலை நக்க வந்தன. அவன் முற்றத்தில் உட்கார்ந்தபடியே சுட்டான், கண்ணைத் திறந்துகொண்டு சுடவும் பழகிக்கொண்டான், இருமிக்கொண்டே சுட்டான், அப்படியும் விழுந்தது. கறி ஊருக்கெல்லாம் கூறு போனது. தலையும் தொடையும் மட்டும் முருங்கைக்குப் போய்ப் பச்சைப் பாசி கட்டின. தின்ற வாய்தான் என்றாலும் சொல்லிவிடுகிறேன், அவன் கொடுத்த கறியைத் தின்றுகொண்டே அவனைப் பார்த்துப் பொறாமைப்படாதவர் எங்களில் யாரும் இல்லை.

ஆனால் சொரிமுத்து பட்டதுதான் பொறாமை. மற்றவர்களுடையது அதன் குட்டி. ஊர் உறங்கினாலும் அவர் வயிறு உறங்கவில்லை. முதலில் தளவாய்க்குப் பின்னால் ஓசைப்படாமல் நடந்து பார்த்தார். அவர் நெருங்கினால் பதம் ஒதுங்கியது, காற்று அவர் முதுகுக்குத் திரும்பியது, அவர் பாதத்துக்குக் கீழே மட்டும் சருகு காய்ந்து அப்பளம்போல நொறுங்கியது. பிறகு வெளுத்த வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு, தளவாய் இல்லாத பக்கமாக வேலியோரம் போய் நின்று பதத்தோடு பேசத் தொடங்கினார். "நான் ஒனக்காக எத்தன வருசம் மேக்க பாத்து நின்னிருக்கேன், ஒனக்குத் தெரியாதா? இந்தத் தகரம் தட்டுத பயகிட்ட என்னத்தக் கண்ட?" என்று அவர் கேட்டதை வேலிக்கு இந்தப் பக்கம் சாணி அள்ளிக்கொண்டிருந்த பொன்னுத்தாய் கேட்டுவிட்டாள்.

"எனக்கு ஒரு நா ஒரு மொழம் பூ வாங்கிக் குடுத்திருப்பியளா?" என்றாள், கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு. "காத்துக்கு வேட்டி மாத்துதிய."

வேலிக்கு அந்தப் பக்கம் உலகம்மாளுக்கு வேறு கஷ்டம். அவள் தலையில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தால், பூ தலையிலேயே நனைந்து உதிர்ந்தது. ஊதுகுழலை ஊதி ஊதிக் கன்னம் வலித்தது, அடுப்பு புகைந்ததே தவிரப் பற்றவில்லை. உப்பு ஜாடியில் தண்ணீராக நின்றது. ஒரே பாயில் படுத்தால் அவன் பக்கம் இதமாக இருக்கும், அவள் பக்கம் தூறும். ஆண்கள் பதத்தை அது என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே பெண்கள் அவள் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சக்களத்தி என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கிணற்றடியில் உலகம்மாள் வந்தால் அவளுக்கு முதலில் வாளியைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

உலகம்மாளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்ற அறையில் கங்குச் சட்டி அணையாமல் இருக்க வேண்டும். அவள் வீட்டில் கங்கு ஒரு மூச்சுக்குக்கூட நிற்கவில்லை. பொன்னுத்தாய் தங்கையையும் பிள்ளையையும் தன் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். பதம் தானாக எட்டிக்கூடப் பார்க்காத வீடு என்பதால் அங்கே நெருப்பு நன்றாக நின்றது, பிள்ளை சூடாகத் தூங்கியது. ஆனால் பிள்ளையைப் பார்க்கத் தகப்பன் வருவானே. தளவாய் வந்தால் பதமும் கூட வந்தது, அவன் பிள்ளையைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் அதன் உதடு நாவல்பழம் தின்றதுபோலக் கறுத்தது. பிடுங்கி உள்ளே கொண்டுபோய்க் கங்குச் சட்டியருகே வைத்துத் தேய்த்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவன் தெருவில் நின்றே பார்த்தான். தினமும் வந்து, எதிர்ச் சாரியில் புளியமரத்தடியில் நின்று, நனைந்த முகத்தோடு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, பிறகு தானே மடக்கிக்கொண்டு போவான்.

அவன் வரும் நேரம் பார்த்துச் சொரிமுத்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடைவாசலில் வந்து நிற்பார். பிள்ளையின் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்து உரசுவார். எல்லாம் கிடைத்தவனுக்குக் கிடைக்காத ஒன்று தன் கையில் இருக்கிறது என்பதில் அவருக்கு இருந்த சந்தோஷம், நல்ல சந்தோஷம் இல்லை. உலகம்மாள் உள்ளே இருந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஆதிமூலத்திடம் போய்த் துரும்பு கேட்டாள்.

எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வாழ முடியாது என்றால் அறுத்துவிடத் துரும்புதான். அந்தக் கல்யாணத்தை முன்னால் நின்று பேசி முடித்தவர் எவரோ அவர், இரண்டு பேர் முன்னிலையிலும் ஒரு துரும்பைக் கிள்ள வேண்டும். அது சடக்கென்று ஒடிய வேண்டும், ஊர் கேட்க வேண்டும். ஒடியாமல் மடங்கினால் கல்யாணம் நிற்கும். சாரல் மாதங்களில் துரும்பு ஒடியாது என்பதால், ஐப்பசி முடியட்டும் என்று காத்திருந்து, காத்திருந்ததில் கோபம் ஆறிப்போய்ப் பேரன் பேத்தி எடுத்தவர்கள் எங்களில் நிறைய உண்டு. இன்னொரு கட்டும் உண்டு: துரும்பைக் கிள்ளியவன், அறுந்து போனவளைத் தன் வீட்டுக்குள் ஒருநாளும் சேர்க்கக் கூடாது. நல்ல காரணத்துக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். உலகம்மாள் துரும்பு கேட்டது தனக்கும் தளவாய்க்கும் நடுவில் இல்லை, தளவாய்க்கும் பதத்துக்கும் நடுவில்.

"பங்கு வாங்குன ஆளுக்குத் துரும்பும் உண்டுதான்" என்றார் ஆதிமூலம். "தளவாய் என்ன சொல்லுதான்?"

துரும்பு ஒடிந்தால் மறுநாளே தளவாய் கையில் மறுபடியும் தகரம் வந்துவிடும் என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். "பிள்ளைக்குப் பேரு வைக்கும்போது காதுல நான்தான சொல்லணும்" என்றான் அவன். "தெருவுல நின்னு கத்தவா முடியும்?"

பதத்துக்காக முன்னால் நின்று பேசியவர் யார்? பங்கு கேட்டுக் கொடுத்த சொரிமுத்துதான். தளவாய் முற்றத்தில் ஊர் கூடியது. ஆதிமூலம் நீட்டிய துரும்பைச் சொரிமுத்து வாங்கிக் கிள்ளினார்; அது நூலாக மடங்கியது. இன்னொன்று, அதுவும் மடங்கியது. கூரையில் உருவியதும் மடங்கியது, அடுத்த தெருவிலிருந்து மடியில் பொதிந்து கொண்டுவந்ததும் மடங்கியது. பதம் நிற்கிற முற்றத்தில் எந்தத் துரும்பு ஒடியும்?

"நான் கிள்ளியாச்சு. அது ஒடியல. நான் என்ன செய்ய?" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர் முகத்தில் வருத்தம் இல்லை.

அன்று சாயங்காலம் உலகம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஒங்க மருந்துக் கொம்புக்குள்ள ஈரம் ஏறுமா?"

வெடிமருந்து வைக்கிற கொம்பைப் பற்றி வேட்டைக்காரனிடம் அப்படிக் கேட்டால் அவனால் பெருமை பேசாமல் இருக்க முடியாது. "எங்கொம்புலயா? தேன்மெழுகு போட்டு அடச்சது. ஆத்துக்குள்ள முக்கி எடுத்தாலும் மருந்து பொடியா நிக்கும்" என்றார், சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அப்போ ஒரு துரும்ப அதுக்குள்ள போட்டுக் கொண்டாங்க. தொறந்ததும் கிள்ளிருங்க."

அவர் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். "கிள்ளுனா அது என் வீட்டுக்கு வரவே முடியாது. ஒனக்குத் தெரியும்லா?"

"இப்ப மட்டும் வருதா? வேட்டி மாத்தித்தான் பாத்தியள." அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க கிள்ளலன்னா அவ எங்கயும் போ மாட்டா அத்தான். அவுக கூடயே இருப்பா. அவுக கெழவனாகி, நடக்க முடியாம கட்டில்ல கெடந்தாலும் அவுக கட்டிலுக்குத்தான் மான் வரும். அதுக்குப் பொறவு எங்கயும் போவான்னு நெனச்சியளா? இந்தா, இவளுக்குத் தாவுவா. இந்தப் பொட்டப்பிள்ள கொண்டையில பூ வச்சுக்கிட்டு மான் சுடும், நீங்க இதே நடையில கம்ப ஊனிக்கிட்டு ஒக்காந்து பாத்துக்கிட்டு இருங்க."

சொரிமுத்து பிள்ளையைப் பார்த்தார். அது கையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஊரில் பிள்ளைமேல் இரக்கப்பட்டுத்தான் அவர் மனம் மாறினார் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பொன்னுத்தாய் அப்போது அவர் முகத்தைப் பார்த்தவள், அவள் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு இல்லாதது எவனுக்கும் வேண்டாம் என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது என்பாள்.

மறுநாள் ஊர் கூடியது. தளவாய் முருங்கையடியில் நின்றான், அவன்மேல் பதம் நின்றது, மண் நனைந்து கறுத்திருந்தது, மேலே மங்கிய வெளிச்சம். சொரிமுத்து வேட்டைக்குப் போகிறவராகத் துப்பாக்கியும் கொம்புமாக வந்தார், எங்கே என்று பொன்னுத்தாய் கேட்கவில்லை. கொம்பின் மூடியைத் திருகினார், இரண்டு விரலை விட்டுக் கறுப்பு மருந்து ஒட்டிய துரும்பை உருவினார், மானைக் கண்டதும் விசையை இழுக்கிற அதே வேகத்தில் கிள்ளினார்.

சடக்.

பதத்துக்குள் வேறு எந்தச் சத்தமும் இருக்காது என்பதால் அது ஊர்க்கோடிவரை கேட்டது. முருங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது, பிறகு நின்றது. தளவாய் முகத்தில் வெயில் விழுந்தது. வெகுநாளாக வெயில் படாத முகம், அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டான். பதம் அவனை விட்டு இறங்கி, மேற்கே கணவாயைப் பார்த்துப் புறப்பட்டது. போகிற வழியில் சொரிமுத்து நின்றார். அவரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அவர்மேல் வந்து நின்றது.

காற்று அவர் முகத்தில் அடித்தது. அவர் பாதத்தின் கீழே சருகு வாயை மூடிக்கொண்டது. வேலிப் படலுக்கு அந்தப் பக்கம், அவர் தன் ஆயுசில் கண்டிராத கொம்போடு ஒரு கலைமான் வந்து தலையைத் தூக்கி அவரையே பார்த்து நின்றது. நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. அவர் கை தானாகத் துப்பாக்கிக்குப் போனது, மருந்து கொட்டக் கொம்பைச் சாய்த்தது. மூடியைத் திருப்பிப் போட அவர் மறந்திருந்தார். உள்ளே மருந்து களியாகக் கிடந்தது.

மான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் புல்லைக் கடித்துக்கொண்டே போனது. அதற்குப் பின்னாலேயே பதமும் போனது. சொரிமுத்து கொம்பைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றார், பிறகு அழுதார், அத்தனை பெரிய வேட்டைக்காரர் அழுததைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பிள்ளையோடு தன் வீட்டுக்குத் திரும்பிய உலகம்மாளின் அடுப்பு முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது. தளவாய் பிள்ளையை வாங்கி, அதன் காதில் பெயரைச் சொன்னான். எங்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னான், அவனுக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு பதம் எங்கள் ஊருக்கு எல்லோருக்கும் பொதுவாக, வந்தும் வராமலும், அரைகுறையாகத்தான் வருகிறது. சகலைகள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிள்ளை தவழ்ந்து, எழுந்து, ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள், கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து மரவள்ளி ஏற்றி வந்த வண்டிக்காரன் ஒரு சேதி சொன்னான். அங்கே மலையடியில் ஒரு சோம்பேறிப் பயல் இருக்கிறானாம். எழுந்து நடக்கவே மாட்டானாம். அவன் வாசலில் எப்போதும் சாரல் ஓய்ந்த மாதிரியே இருக்கிறதாம், மான் வந்து அவன் உள்ளங்கையை நக்குகிறதாம்.

சொரிமுத்து அன்றைக்குத் தளவாய் வீட்டுக்கு நடந்து போனார். நடையில் உட்கார்ந்தார். தளவாய் உள்ளிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன் அண்ணாச்சி."

"துப்பாக்கிய எந்தப் பக்கம் புடிக்கணும்னுகூடத் தெரியாத பயலாம்."

"நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்" என்றான் தளவாய். சொரிமுத்து தன் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, நரம்பைக் கிள்ளி, பாதியைக் கிழித்து அவனிடம் நீட்டினார். இருவரும் முகத்தை மேற்கே வைத்துக்கொண்டு மென்றார்கள்.

உள்ளே உலகம்மாள், பதம் குடியிருந்தவரை பற்றாத அந்த அடுப்பில் இன்னொரு விறகை எடுத்து வைத்தாள், தேவைக்கு மேல் ஒரு விறகு, சத்தம் இரண்டு பேர் காதிலும் விழுகிறாற்போல.